பொரித்த கோழியும் அறுபத்து நான்காவது பெயரும்

கல்முனை பஸ் நிலையத்திலிருந்து சாய்ந்தமருது எல்லை வரை என் நடையில் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி. அந்தத் தூரத்துக்குள் கோழி பொரிக்கும் கடைகள் இருபத்து மூன்று. போன நோன்புப் பெருநாளுக்கு முதல் பத்தொன்பதுதான் இருந்தன. இதே தெருவில் ஒரு காலத்தில் புத்தகக் கடைகள் நான்கு இருந்தன. இப்போது இருப்பது ஒன்று. அதன் வாசலிலும் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து கோழி இறக்கை விற்கிறார்கள்.

போன கிழமை என் பழைய காரியாலயத்திலிருந்து இளம் பரிசோதகர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். கடற்கரையில் உணவுத் திருவிழா நடக்கப் போகிறதாம். அதில் பொரித்த கோழிப் போட்டி. நான் நடுவராக இருக்க வேண்டுமாம். விழா மலருக்கு என் சேவைக்கால அனுபவம் ஒன்றையும் எழுதித் தர வேண்டுமாம். அழைப்பிதழில் ஏழு வகை அச்சிட்டிருந்தார்கள்: கொரியன், அமெரிக்கன், மெக்ஸிக்கன், அரேபியன், கேரளா, அறுகம்பே, கல்முனை ஸ்பெஷல்.

இந்த ஏழையும் நான் அறிவேன். ஏழுக்கும் கோழி வருவது பெரும்பாலும் ஒரே பண்ணையிலிருந்து. மா வருவது ஒரே மொத்தக் கடையிலிருந்து. மேலே எள்ளுத் தூவினால் கொரியன். எள்ளை மறந்துவிட்டால் மெக்ஸிக்கன். பூண்டு வெண்ணெய்போல ஒன்றைச் சின்னக் கோப்பையில் பக்கத்தில் வைத்தால் அரேபியன். அறுகம்பே என்பது வெள்ளைக்காரன் கடலில் பலகையில் நின்று களைத்து வந்து, பசியில் எதைக் கொடுத்தாலும் நல்லது என்று சொன்னதால் வந்த வகை. கல்முனை ஸ்பெஷல் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். "கொஞ்சம் உறைப்புக் கூட, சேர்" என்றார்.

"நீங்கதான் சேர் இந்த ஊர்ல ஆகக் கூடக் கடை பாத்த ஆள்" என்று மற்றவர் சமாளித்தார். பார்த்த ஆள்தான். தின்ற ஆளில்லை. முப்பத்தொரு வருடமும் நான்கு மாதமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊர் வாயில் பீஎச்ஐயாக, இருந்தேன். அதற்குள் நான் வாய் வைத்த கடைக் கோழித் துண்டுகள் பூச்சியம். அந்தப் பூச்சியம் ஒருமுறை பயன்பட்டது. அதை எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்த்த அனுபவம் இதுவாக இருக்காது.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தெற்கில் ஒன்றரை வருடம், விளங்காத சிங்களத்தில் விரிவுரைகள், அறைக்கு எட்டுப் பேர், இரண்டு குழாய். எண்ணெயை ஐந்து விதத்தில் சோதிக்கலாம் என்பதை அங்கேதான் கற்றேன்: நிறம், மணம், நுரை, புகை, விரலில் ஒட்டும் தன்மை. பிறகு பொத்துவிலில் ஆறு வருடம். பிறகு சொந்த ஊர்ப்பக்கம். சொந்த ஊரில் பரிசோதகராக இருப்பதைவிட மோசமான தண்டனை அரச சேவையில் இல்லை. கடையை மூடச் சொன்னால் கடைக்காரன் மச்சானின் மச்சான். மூடாமல் விட்டால் தொழுகைச் சப்பு வரிசையில் பக்கத்தில் நிற்பவன் வயிற்றைத் தடவுகிறான்.

என் மேலதிகாரி காரைதீவைச் சேர்ந்த ஒரு பெண் வைத்தியர். எங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தமாட்டார். பாராட்டவும் மாட்டார். மேசையில் எப்போதும் மூன்று பென்சில், மூன்றும் ஒரே நீளம். ஓர் அறிக்கையைக் கொடுத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார். பிழை இருக்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். அது நம்முடைய வேலை. நான் ஒரு முறை ஒரு புள்ளிக்கு நான்கு நாள் அலைந்திருக்கிறேன். கடைசியில் அது கூட்டல் பிழை. ஏழுக்குப் பதிலாக ஒன்பது. அவரோடு ஒன்பது வருடம் வேலை செய்தேன். அந்த ஒன்பது வருடத்தில் எனக்கு வைத்த புள்ளிகள் நாற்பத்தொன்று. இங்கே சொல்லப் போவது அதில் ஒன்று.

பதினாறு வருடங்களுக்கு முந்திய நோன்பு மாதம். அப்போது எங்கள் பகுதியில் பொரித்த கோழிக்கென்று இருந்த கடை ஒன்றே ஒன்று. ஜெஸீமா என்ற பெண் நடத்தியது. ஜித்தாவில் ஒரு வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்து திரும்பியவள். சுனாமியில் கடல் கொண்டுபோன வீட்டை அந்தச் சம்பளத்தில் திரும்பக் கட்டி, முன்னறையைக் கடையாக்கியிருந்தாள். பலகையில் 'ஜித்தா பொரியல்' என்று எழுதியிருந்தது. நம் வீட்டுக் கறித்தூளும் பூண்டும் வினாகிரியும் போட்டு ஊறவைத்து மாவில் புரட்டிய கோழி. இப்படி ஒரு பொரியல் இருப்பது ஜித்தாவுக்குத் தெரியாது என்று நான் காரியாலயத்தில் சொல்லிச் சிரித்தேன். ஊர்ச் சனம் வரிசையில் நின்றது. வரிசையைக் கண்டால் எனக்கு எப்போதும் சந்தேகம்தான் வரும்.

அந்த வருடம் ஒரு பள்ளிவாசலில் பெரிய இஃப்தார், நோன்பு திறக்கும் விருந்து, ஏற்பாடாகியிருந்தது. எந்தப் பள்ளி என்று எழுதமாட்டேன். நூற்று நாற்பது பேருக்கு அழைப்பு. ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு கோழித் துண்டு, ஜெஸீமாவின் கடையிலிருந்து. பேரீச்சம்பழம், கஞ்சி, ரோஸ் சர்பத் பள்ளியின் ஏற்பாடு. முற்கூட்டிய பரிசோதனைக்கு நான் போனேன். அன்று மாலை விருந்தினர் வரிசையிலும் என் பெயர் இருந்தது.

ஜெஸீமாவின் சமையலறையில் ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் நின்றேன். ஊறிய கோழி வாளி நான்கு. வாளிகள் ஐஸ் பெட்டிக்குள் இருந்தன, மூடியோடு. எண்ணெய் அன்றைக்குப் புதிது. ஐந்து சோதனையிலும் தேறியது, அது எனக்குப் பிடிக்கவில்லை. பொரித்த துண்டுகளில் பெரியதாக எட்டைத் தெரிந்து, எலும்போரம் வெப்பமானிக் கம்பியைக் குத்திப் பார்த்தேன். எட்டும் வெந்திருந்தன. சுவரில் ஒரு பழைய பாடசாலைக் கொப்பி தொங்கியது. கிலோவுக்கு உப்பு எத்தனை கரண்டி, தூள் எத்தனை கரண்டி என்று எழுதியிருந்தாள்.

இதென்ன என்று கேட்டேன்.

"நோம்போட உப்புப் பாக்க ஏலாதே சேர். நாக்கு நுனியில வெச்சுத் துப்பலாம் எண்டு சொல்றாங்க. எனக்கு மனம் வராது. அதால அளந்துதான் போடுற."

என் சேவையில் நான் பார்த்த கடைகளில் உப்பை அளந்து போட்டது அது ஒன்றுதான். அதை நான் அறிக்கையில் எழுதவில்லை. ஈ இரண்டு என்று எழுதினேன்.

அங்கிருந்து பள்ளிவாசலுக்குப் போனேன். கஞ்சிக் கிடாரம் மூன்று கொதித்துக்கொண்டிருந்தது. சர்பத் பீப்பாய் ஒன்று. வேலியோரம் சாக்கு விரித்து அதன்மேல் உமி ஒட்டிய ஐஸ் கட்டிகள். குறிப்புக் கொப்பியில் 'ஐஸ் கட்டி 2' என்று எழுதினேன். எண்ணினேன், எழுதினேன், வந்துவிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. மனம் முழுக்கக் கோழியில் இருந்தது.

மாலையில் நோன்பு திறந்தோம். சர்பத் இரண்டு கிளாஸ் குடித்தேன், நல்ல குளிர். கோழிப் பெட்டியைத் திறக்காமலே பக்கத்தில் இருந்த, பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரிடம் கொடுத்தேன். மெலிந்த மனிதர், நன்றாகச் சாப்பிடுவார், சீனி வருத்தக்காரர்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி. வயிற்றோட்டம். முதலில் ஒன்பது பேர், பிறகு இருபத்தாறு, பின்னேரம் ஆகும்போது அறுபத்து மூன்று. எல்லாரும் அந்த இஃப்தாரில் இருந்தவர்கள். ஊர் ஒரு மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கஞ்சி பள்ளிக் கஞ்சி. அதை யார் குறை சொல்வது? சர்பத்தைக் கரைத்தது பள்ளியை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரின் கை. கோழி மட்டும்தான் கடைச் சாமான், அதுவும் வெளிநாட்டுப் பாணி, அதுவும் தனியாக நிற்கும் ஒரு பெண்ணின் கை. பள்ளியின் தலைவர் ஹாஜியார் காரியாலயத்துக்கே வந்தார். ஐந்து ஆழ்கடல் படகு வைத்திருந்தவர்.

"ஹனீபா, சனம் கொதிச்சிப் போய் இரிக்கி. நீங்க மூடாட்டி அவங்களே போய் உடைப்பாங்க. பொம்புளைப் புள்ளைர நன்மைக்காகத்தான் சொல்றன்."

எனக்கு வற்புறுத்தல் தேவைப்படவில்லை. பொரித்த கோழி ஒரு நாள் இப்படிச் செய்யும் என்று பல வருடமாகக் காத்திருந்தவன் நான். தற்காலிகமாக மூடும் அறிவித்தலை எழுதி வைத்திய அதிகாரியிடம் நீட்டினேன். அவர் நேரம் எடுத்துக் கையெழுத்திட்டார்.

"பிழை எண்டு நான் கையெழுத்து வைக்கல்ல. கவனம் எண்டுதான் வைக்கிறன். அந்த வித்தியாசத்த அவவுக்குச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. வீதியைப் பார்த்த கதவில் பசை தடவி ஒட்டினேன். நாற்பது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ பலகையில் சாணி எறிந்தான். ஜெஸீமா அழவில்லை. கொப்பியைச் சுவரிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இதையும் கொண்டு போங்க சேர். எதில பிழை எண்டு பாத்துச் சொல்லுங்க. நான் திருத்துறன்."

பெருநாளுக்கு அவளிடம் முப்பத்தெட்டு வீட்டு ஓடர் இருந்தது. அன்று பின்னேரத்துக்குள் முப்பத்தேழு வீடு விலகிவிட்டதாகப் பிறகு அறிந்தேன். விலகாத ஒரு வீட்டுக்குச் செய்தி போயிருக்கவில்லை. பதினொரு வருடச் சம்பளமும் அந்த முன்னறைக்குள் இருந்தது. நோய் பரப்பிய கடை என்ற பெயர் ஒட்டிவிட்டால் இந்த ஊரில் அது மூன்று தலைமுறைக்குப் போகாது.

மறுநாள் நோயாளர் பட்டியலைத் தயாரித்தேன். அறுபத்து மூன்று வரி. பெயர், வயது, என்ன தின்றார், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை தரம். எல்லாரும் கோழி தின்றவர்கள். அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். அவ்வளவு சுத்தமான அட்டவணையை நான் அதற்கு முன் செய்ததில்லை.

வைத்திய அதிகாரி கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார். பென்சிலை எடுத்தார். அறுபத்து மூன்றாவது வரிக்குக் கீழே, ஒன்றும் எழுதாத வெறும் வரிக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி வைத்துத் திருப்பித் தந்தார்.

வெறும் வரியில் என்ன பிழை இருக்க முடியும்? அன்றிரவு முழுக்க யோசித்து ஒரு விடை கண்டேன். நூற்று நாற்பது பேரில் நோய் வந்தவர்களை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன், மிச்சம் எழுபத்தேழு பேரைக் கேட்கவேயில்லை. அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். மூன்று நாள் வீடு வீடாக நடந்தேன். ஆறு பேர் வெளியூர் போயிருந்தார்கள். எழுபது பேரைச் சந்தித்தேன். சுகமாக இருந்த அந்த எழுபது பேரும் கோழி தின்றிருந்தார்கள்.

அதுதான் முதல் அடி. இரண்டாவது அடி அதைவிடப் பலமானது. எழுபதில் நாற்பது பேர் பிந்தி வந்தவர்கள், அவர்கள் வரும்போது சர்பத் முடிந்துவிட்டது. பத்தொன்பது பேர் சீனி வருத்தக்காரர்கள், இனிப்பை விட்டுப் பச்சைத் தண்ணீர் குடித்தவர்கள். சர்பத் குடித்தும் சுகமாக இருந்தவர்கள் பதினொரு பேர்தான். அவர்களுடைய வயிறு இரும்பு. எங்கள் ஊரில் சீனி வருத்தம் ஓர் ஆளைக் காப்பாற்றியதாக அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாக மோதினாரைக் கண்டேன். பாயில் சாய்ந்து, நல்ல தெளிவாக இருந்தார்.

"எனக்கு ஒண்டுமில்ல மவன். ஒரு ஏவறை கூட வரல்ல. நாலு துண்டு திண்ட நான்."

"நாலா? ஆளுக்கு இரண்டுதானே?"

"நீங்க தந்த பெட்டியையும் நான்தானே திண்ட. மறந்திட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த இடத்தில் என் பேனை நின்றுவிட்டது.

புதிய அட்டவணையை வைத்திய அதிகாரியிடம் கொடுத்தேன். ஹாஜியாரும் இருந்தார், விசாரணை எப்படிப் போகிறது என்று கேட்க வந்திருந்தார். சர்பத்தாக இருக்கலாம் என்று நான் தொடங்கியதும் அவர் மறித்தார். நோயாளி எல்லாரும் கோழியும் தின்று சர்பத்தும் குடித்தவர்கள், எதைச் சொல்வது என்றார். சுகமாக இருப்பவர்களில் பாதிப்பேர் பிந்தி வந்தவர்கள், அவர்களுக்குக் கோழி வேறு வாளியிலிருந்து வந்திருக்கும் என்றார். கேட்டால் சரிபோலத்தான் இருந்தது. கோழி தின்னாமல் சர்பத் மட்டும் குடித்தவன் ஒருவனைக் காட்டு என்றார்.

வைத்திய அதிகாரி அட்டவணையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய புள்ளி அப்படியே இருந்தது.

"ஹனீபா, நீங்க காலம எட்டரைக்கு வாற ஆள். முதல் ஆக்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அண்டைக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஒன்பதரைக்கு, டொக்டர்."

"சர்பத் எத்தனை கிளாஸ்?"

"இரண்டு."

"கோழி?"

"தின்னவில்லை."

"எத்தனை தரம்?"

நான் எல்லாவற்றையும் எண்ணுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். எண்ணவில்லை என்று சொல்ல முடியாது. ஹாஜியார் என்னைப் பார்த்தார். காரியாலயத்தில் இருந்த நான்கு பேரும் பார்த்தார்கள்.

"ஏழு" என்றேன்.

நான் ஏன் அதை மறைத்தேன் என்று இளம் பிள்ளைகள் கேட்கக்கூடும். ஒரு பரிசோதகர் தானே பார்த்து, சரி என்று சொன்ன விருந்தில் குடித்து வயிற்றோட்டம் கண்டால் ஊர் அவரை ஓய்வுபெறும் வரைக்கும் விடாது. அது ஒரு காரணம். மற்றக் காரணம் சொல்லக் கூசுகிறது. பட்டியலில் என் பெயரைச் சேர்த்தால் சிவப்புக் கோடு பிழையாகிவிடும். கோழி தின்னாத ஒருவன் நோயாளி ஆகிவிடுவான். எனக்குக் கோழிதான் குற்றவாளியாக வேண்டியிருந்தது.

வைத்திய அதிகாரி மூன்று பென்சிலில் ஒன்றை என் பக்கம் உருட்டிவிட்டார். புள்ளிக்குப் பக்கத்து வெறும் வரியில் எழுதினேன். அறுபத்து நான்கு. பெயர், வயது, தரம் ஏழு. கோழி என்ற நிரலில் 'இல்லை'.

அதன்பிறகு என் சொந்தக் குறிப்புக் கொப்பியைத் திறந்து, 'ஐஸ் கட்டி 2' என்ற வரியைக் காட்டினேன். அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் கேட்டேன். ஹாஜியார் வெட்கப்படவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மற்ற வருடங்களில் பள்ளி கடையில் ஐஸ் வாங்கும். அந்த வருடம் அவர் தன் படகுகளுக்கு வந்த ஐஸில் இரண்டு கட்டியை ஸதகாவாக, தர்மமாக, கொடுத்திருந்தார்.

"மீனுக்குப் போடுற ஐஸ்தானே. அந்த மீன நாம தின்றல்லியா? மீனுக்கு ஆகின ஐஸ் மனுசனுக்கு ஆகாதா?"

நான் சொன்ன மறுமொழி இதுதான். மீனைக் கழுவி, நெருப்பில் வேகவைத்துத் தின்கிறோம். ஐஸை யாரும் வேகவைப்பதில்லை. படகு ஐஸ் காய்ச்சாத கிணற்றுத் தண்ணீர். மீன் லொறியின் தட்டில் வந்து, சாக்கில் கிடந்து, மரச் சுத்தியலால் உடைபட்டு நேராகப் பீப்பாய்க்குள் போயிருந்தது. கடற்கரையில் பிறந்து ஐஸைக் கண்டே வளர்ந்தவர்கள்தான் இப்படி ஒரு பிழையைச் செய்ய முடியும். ஐஸைக் கண்ணாடிக் கோப்பையில் மட்டும் கண்டவன் அதைச் சந்தேகித்திருப்பான். கடையை மூடிய அன்று எடுத்த கோழி மாதிரிக்கும் படகு ஐஸ் மாதிரிக்கும் பதினொரு நாள் கழித்து ஆய்வுகூட முடிவு வந்தது. கோழி சுத்தம். ஹாஜியாரின் ஐஸில் மலக்கிருமி. அதற்காக ஊரில் ஒருவரும் சாணி எறியவில்லை.

ஆனால் முடிவு வரும்வரை வைத்திய அதிகாரி காத்திருக்கவில்லை. அட்டவணை போதும் என்றார். கடையைத் திறக்கலாம் என்று இரண்டு வரியில் கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். அவர் கையெழுத்து வைக்காமல் ஒன்று கேட்டார்: மூடும் அறிவித்தலை எங்கே ஒட்டினீர்கள்? வீதியைப் பார்த்த கதவில் என்றேன். எத்தனை பேர் நின்றார்கள்? நாற்பது ஐம்பது.

"அப்ப ஜும்ஆ முடிஞ்சு சனம் வாற நேரம் பாத்துக் கழட்டுங்க."

அந்த வெள்ளிக்கிழமையே கழற்றினேன். பசை காய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்துச் சுரண்ட வேண்டியிருந்தது, பதினான்கு நிமிடம். தொழுதுவிட்டு வந்தவர்கள் வீதியோரம் நின்று பார்த்தார்கள். யாரோ, "பீஎச்ஐ சேருக்கும் போனதாம்டா" என்றான். "எத்தனை தரமாம்?" "ஏழாம்." சிரிப்பு என் முதுகுக்குப் பின்னால் தெரு முனைவரை போனது. நான் திரும்பவில்லை. ஏழு என்பது சரியான எண்ணிக்கைதான்.

கொப்பியை ஜெஸீமாவிடம் திருப்பிக் கொடுத்தேன். பிழை ஏதும் இல்லை என்றேன். அவள் அதை அதே ஆணியில் மாட்டினாள்.

"ஒரு விஷயம் சேர். நீங்க என்ட கோழிய ஒரு நாளும் வாயில வெச்சதில்ல. ஊரெல்லாம் தின்னயும் நீங்க மட்டும் அருவருத்துக் குடுத்திட்டீங்க. அல்லாஹ்ட காவல் பாருங்களன், அந்த அருவருப்புத்தான் என்ட கடையத் தொறந்திரிக்கி."

நன்றி சொன்னாளா, ஏசினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. விலகிய முப்பத்தேழு ஓடரில் அந்தப் பெருநாளுக்குத் திரும்பி வந்தது பதினாறு. மிச்சம் வர இரண்டு வருடம் எடுத்தது. இன்று அவளுடைய கடை இருபத்து மூன்றில் ஒன்று. பலகையில் இன்னும் 'ஜித்தா பொரியல்' என்றுதான் இருக்கிறது. எள்ளுத் தூவுவதில்லை.

ஆகவே, பிள்ளைகளே, நடுவராக நான் வரமாட்டேன். கோழியைப் பற்றி நான் ஒரு தரம் தின்னாமல் தீர்ப்புச் சொல்லி, பதினான்கு நிமிடம் சுரண்டிக் கழற்றியவன். ஏழு வகைக்கும் நீங்களே புள்ளி போடுங்கள். எள்ளு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும், வேலை முடிந்துவிடும்.

ஆனால் உங்கள் அழைப்பிதழின் அடியில் ஒரு வரி இருக்கிறது. 'வருகை தரும் அனைவருக்கும் குளிர்ந்த சர்பத் இலவசம்.' அந்த ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, நீங்கள் வந்துபோன அன்றே காரியாலயத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். இன்று ஆறாவது நாள். பதில் இல்லை.